கம்பெனியைக் காப்பாற்றிய குரங்கு!

ஒரு பெரிய குரங்கு. அது ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு, பாதி கட்டி நிற்கும் கட்டிடத்தின் உச்சிக்கு ஏறிவிட்டது.

கீழே ஒரு தச்சர் நிற்கிறார். குள்ள உருவம். பெரிய மூக்கு. அடர்ந்த மீசை. தலையில் தொப்பி. பெண்ணை மீட்க அவர் மேலே ஏறப் பார்க்கிறார்.

குரங்கு சும்மா இருக்குமா? பீப்பாய்களை ஒவ்வொன்றாகத் தள்ளி விடுகிறது. அவை சரிவில் தடதடவென்று உருண்டு வருகின்றன. தச்சர் தாண்டிக் குதிக்கிறார். ஏணியில் ஏறுகிறார். ஒரு சுத்தியல் கையில் கிடைத்தால் பீப்பாய்களை உடைத்துத் தள்ளுகிறார். கொஞ்சம் பிசகினாலும் உயிர் போய்விடும். மூன்று உயிரும் போனால் ஆட்டம் முடிந்தது. மறுபடியும் ஆட வேண்டுமா? இன்னொரு காசு போடு!

இது சினிமா அல்ல. காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டு. பெயர், "டாங்கி காங்". 1981-ம் ஆண்டு வெளிவந்தது.

வெளியிட்டது, ஜப்பானில் உள்ள நின்டெண்டோ கம்பெனி. இன்று அந்தப் பெயரைத் தெரியாத பிள்ளைகள் குறைவு. ஆனால், 1981-ம் ஆண்டு தொடக்கத்தில் அந்தக் கம்பெனியின் அமெரிக்கக் கிளை, இழுத்து மூட வேண்டிய நிலையில் இருந்தது. கிடங்கு நிறைய விற்காத பெட்டிகள். போட்ட பணம் அத்தனையும் அவற்றில் முடங்கிக் கிடந்தது.

கிளையைக் காப்பாற்றியது இந்தக் குரங்குதான். அந்தக் கதையைக் கேளுங்கள்.

பூப்போட்ட சீட்டு

நின்டெண்டோ நேற்று முளைத்த கம்பெனி அல்ல. அதன் வயது 130-க்கு மேல்!

கியோட்டோ, ஜப்பானின் பழைய தலைநகரம். அங்கே 1889-ம் ஆண்டு புசாஜிரோ யாமவுச்சி என்பவர் ஒரு கடை வைத்தார். சீட்டுக்கட்டு செய்து விற்கும் கடை.

நம் ஊர்ச் சீட்டில் ராஜா, ராணி, ஜாக்கி படம் இருக்கும். அவர் செய்த சீட்டில் அது கிடையாது. எண்ணும் கிடையாது. எல்லாம் பூவும் மரமும்தான். மாதத்துக்கு ஒரு செடி. ஒரு செடிக்கு நான்கு சீட்டு. ஆக, 12 மாதத்துக்கு 48 சீட்டுகள். ஜனவரிக்குப் பைன் மரம். மார்ச்சுக்குச் செர்ரிப் பூ. இதற்கு "ஹனபுடா" என்று பெயர். "ஹனா" என்றால் பூ. "புடா" என்றால் சீட்டு.

மரப்பட்டைக் காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, வர்ணம் தீட்டி, கையாலேயே அந்தச் சீட்டுகளைச் செய்தார்கள். வியாபாரம் நன்றாக நடந்தது.

1949-ம் ஆண்டு, கம்பெனி கொள்ளுப்பேரன் கைக்கு வந்தது. அவர் பெயர் ஹிரோஷி யாமவுச்சி. அப்போது அவர் கல்லூரி மாணவர். தாத்தா நோயில் படுத்ததால், படிப்பை விட்டுவிட்டு வந்து பொறுப்பு ஏற்றார். கண்டிப்பான ஆசாமி. அவர் சொன்னதே சட்டம்.

1959-ம் ஆண்டு, வால்ட் டிஸ்னியின் மிக்கி எலி போன்ற படங்களைச் சீட்டில் போட்டார். அதுவரை சூதாடிகள் கையில் இருந்த சீட்டு, குழந்தைகள் உள்ள வீட்டுக்குள்ளும் நுழைந்தது. விற்பனை ஏறியது.

ஆனால், எத்தனை நாளைக்குச் சீட்டையே நம்பி இருப்பது? வாடகைக் கார் விட்டுப் பார்த்தார். உடனடிச் சாதம் விற்றுப் பார்த்தார். எதுவும் ஒட்டவில்லை.

பொழுது போகாத தொழிலாளி

சீட்டுத் தொழிற்சாலையில் எந்திரங்களைப் பார்த்துக்கொள்ள, 1965-ம் ஆண்டு ஒரு வாலிபர் வேலைக்குச் சேர்ந்தார். பெயர் குன்பெய் யோகோய்.

எந்திரங்கள் ஒழுங்காக ஓடின. யோகோய்க்குப் பொழுது போகவில்லை. சும்மா இருக்கும் நேரத்தில், தனக்காக ஒரு விளையாட்டுச் சாமான் செய்தார். கத்தரிக்கோல் போன்ற பிடி. பிடியை அழுத்தினால், கட்டைகள் நீண்டு போய், தூரத்தில் இருக்கும் பொருளைக் கவ்விக்கொண்டு வரும்.

அதை வைத்து விளையாடிக்கொண்டு இருந்தபோது, முதலாளி பார்த்துவிட்டார்! அழைத்தார். "தொலைந்தோம்!" என்று நினைத்துத்தான் யோகோய் போனார்.

முதலாளி திட்டவில்லை. அதையே விற்பனைக்குச் செய்யச் சொன்னார். 1966-ம் ஆண்டு "அல்ட்ரா ஹேண்ட்" என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. சீட்டுக் கம்பெனி, பொம்மைக் கம்பெனி ஆயிற்று.

இந்த யோகோயின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலும் வருவார்.

கடலில் போன நாட்கள்

1970-ம் ஆண்டுகளில், காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுகள் வந்தன. ஆள் உயரப் பெட்டி. அதற்குள் டெலிவிஷன் திரை. கீழே ஒரு பிடி, ஒன்றிரண்டு பட்டன்கள். ஜப்பானில் டைட்டோ கம்பெனி 1978-ம் ஆண்டு "ஸ்பேஸ் இன்வேடர்ஸ்" விளையாட்டை வெளியிட்டது. வானத்தில் இருந்து இறங்கும் பகைவர்களைச் சுட வேண்டும். ஜப்பானே அதன் பின்னால் ஓடியது. 1980-ம் ஆண்டு நாம்கோ கம்பெனி "பாக்-மேன்" வெளியிட்டது. ஒரு மஞ்சள் உருண்டை வாயைத் திறந்து திறந்து புள்ளிகளைத் தின்னும். அதற்கும் உலகமே மயங்கியது.

நின்டெண்டோவும் களத்தில் இறங்கியது. 1980-ம் ஆண்டு அமெரிக்காவில் கிளை திறந்தது. அதை நடத்தப் போனவர், யாமவுச்சியின் மருமகன் மினோரு அராகவா.

மருமகனுக்கு ஒரு விளையாட்டின் மேல் பெரிய நம்பிக்கை. அதன் பெயர் "ராடார் ஸ்கோப்". அதுவும் வானத்தில் சுடும் விளையாட்டுத்தான். ஜப்பானில் நன்றாக ஓடியது. 3 ஆயிரம் பெட்டிகள் வேண்டும் என்று மாமனாருக்குச் சொல்லி அனுப்பினார். கிளையில் இருந்த பணத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விட்டது.

பெட்டிகள் கப்பலில் ஏறின. ஜப்பானில் புறப்பட்ட கப்பல், அமெரிக்காவின் மறுகரையில் இருக்கும் நியூயார்க்குக்கு வந்து சேர, மாதக்கணக்கில் ஆயிற்று.

அதற்குள் ஜனங்களின் ஆசை மாறிவிட்டது! சுடும் விளையாட்டு அலுத்துவிட்டது. படாத பாடுபட்டு ஆயிரம் பெட்டிகளைத் தள்ளினார் அராகவா. மீதி 2 ஆயிரம் பெட்டிகள் கிடங்கில் தூங்கின.

கப்பல் வழி சுருங்கட்டும் என்று, மேற்குக் கரையில் உள்ள சியாட்டில் நகரத்தின் பக்கம் கிளையை மாற்றினார். அங்கே ஒரு கிடங்கை வாடகைக்கு எடுத்தார். விற்காத பெட்டிகளும் கூடவே வந்தன.

மாமனாருக்கு மறுபடியும் செய்தி போயிற்று: "புது விளையாட்டு ஒன்று உடனே வேண்டும். இந்தப் பெட்டிகளுக்குள்ளேயே அதைப் பொருத்த வேண்டும்."

படம் வரையும் வாலிபர்

கியோட்டோவில் பெரிய எஞ்சினீயர்கள் எல்லோரும் வேறு வேலையில் மூழ்கி இருந்தார்கள். சும்மா இருந்தது, படம் வரையும் ஒரு வாலிபர். பெயர் ஷிகெரு மியாமோட்டோ. வயது 28.

கியோட்டோவுக்கு அருகில் உள்ள சோனொபே என்ற சிற்றூரில் பிறந்தவர். கலைக் கல்லூரியில் படித்தவர். 1977-ம் ஆண்டு வேலை கேட்டு வந்தபோது, குழந்தைகள் சட்டை மாட்டுவதற்கு மிருக உருவத்தில் தானே செய்த மாட்டிகளைக் கொண்டுவந்து காட்டினாராம்! அப்பாவின் நண்பர் சிபாரிசும் இருந்தது. முதலாளி சேர்த்துக்கொண்டார். பெட்டிகளின் வெளிப்பக்கத்துக்குப் படம் வரைவது போன்ற வேலைகளைப் பார்த்துவந்தார். ஒரு விளையாட்டைக்கூடத் தனியாகச் செய்தது இல்லை.

அவரிடம்தான் 2 ஆயிரம் பெட்டிகளின் தலைவிதி ஒப்படைக்கப்பட்டது. மேற்பார்வைக்கு, அனுபவசாலியான யோகோய்.

முதலில், "போபாய்" என்ற அமெரிக்கக் கேலிச்சித்திரக் கதையை விளையாட்டாக்க நினைத்தார்கள். கீரை தின்று பலசாலி ஆகும் மாலுமி போபாய். அவன் காதலி. இருவருக்கும் குறுக்கே நிற்கும் முரடன். ஆனால், அந்தப் படங்களைப் பயன்படுத்தும் உரிமை அப்போது கிடைக்கவில்லை.

மியாமோட்டோ மனம் தளரவில்லை. முரடனைக் குரங்கு ஆக்கினார். மாலுமியைத் தச்சர் ஆக்கினார். காதலி காதலியாகவே இருந்தாள்.

அதுவரை வந்த விளையாட்டுகளில் பெரும்பாலும் சுடுவார்கள், அல்லது தின்பார்கள். இதில் ஒரு கதை இருந்தது! குரங்கு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஏறுவதைத் தொடக்கத்திலேயே காட்டினார். ஒரு கட்டத்தில் ஜெயித்தால், குரங்கு அவளை இன்னும் மேலே கொண்டுபோய்விடும். 25 மீட்டர், 50 மீட்டர், 75 மீட்டர், 100 மீட்டர் என்று நான்கு கட்டங்கள். கடைசிக் கட்டத்தில், இரும்பு உத்திரங்களைப் பிடித்திருக்கும் ஆணிகளை எல்லாம் பிடுங்கிவிட்டால், குரங்கு தலைகீழாக விழும்.

குதிப்பதுதான் இதில் உயிர். ஒரு பட்டனை அழுத்தினால் தச்சர் குதிப்பார். சின்னக் குழந்தைக்குக்கூட அரை நிமிடத்தில் புரிந்துவிடும்.

மீசை வந்தது எப்படி?

தச்சருக்கு மீசை வைத்தது அழகுக்கு என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. இடம் போதாததால்தான்!

திரையில் படம் என்பது, சின்னச் சின்னக் கட்டங்களுக்கு வர்ணம் கொடுப்பது. கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல. தச்சரின் முழு உடம்புக்கும் கிடைத்த இடம், அகலத்தில் 16 கட்டம், உயரத்தில் 16 கட்டம். அதற்குள் முகம், கை, கால் எல்லாம் வர வேண்டும்.

வாயை வரைய இடம் இல்லை. ஆகவே மூக்கைப் பெரிதாக்கி, அதன் கீழ் மீசையை வைத்தார். தலைமுடி, குதிக்கும்போது பறக்க வேண்டுமே! அதை வரைவது கஷ்டம். ஆகவே தொப்பி. கை ஆடுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆகவே சட்டைக்கு ஒரு நிறம், அதற்கு மேல் தோளில் மாட்டும் கால்சட்டைக்கு வேறு நிறம்.

இன்று உலகத்துக்கே தெரிந்த அந்த உருவம், இல்லாமையில் பிறந்தது. கையில் நிறைய வசதி இருந்திருந்தால், மியாமோட்டோ ஏதோ ஓர் அழகான ஆளை வரைந்திருப்பார். ஒருவருக்கும் நினைவில் நின்றிருக்காது.

பழைய பெட்டி, புது உயிர்

விளையாட்டு அமெரிக்கா வந்து சேர்ந்தது. பெயரைக் கேட்டதும் அங்கு இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். "டாங்கி" என்றால் ஆங்கிலத்தில் கழுதை. பிடிவாதம், முட்டாள்தனம் என்ற பொருள் வரட்டும் என்று மியாமோட்டோ வைத்த பெயர் அது. "கழுதையே இல்லாத விளையாட்டுக்குக் கழுதைப் பெயரா?" என்று விற்பனைக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

தச்சருக்கு முதலில் தனிப் பெயர் இல்லை. "குதிக்கும் மனிதன்" என்றுதான் அழைத்தார்கள். அமெரிக்கக் கிளையில் அவருக்கு "மரியோ" என்று பெயர் வைத்தார்கள். அது யார் பெயர் தெரியுமா? அவர்கள் இருந்த கிடங்கின் சொந்தக்காரர் மரியோ சேகாலேயின் பெயர்! பாக்கி வாடகையைக் கேட்டு அவர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார் என்றும், அந்தச் சூட்டில்தான் பெயர் வைத்தார்கள் என்றும் ஒரு கதை உலவுகிறது.

சியாட்டில் வட்டாரத்தில் இரண்டு மதுக்கடைகளில் சோதனைக்காக இரண்டு பெட்டிகளை வைத்தார்கள். கடைக்காரர்களுக்கு அரை மனதுதான். ஒரு வாரம் பார்த்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் நாளுக்குச் சுமார் 30 டாலர் விழுந்தது. ஓர் ஆட்டத்துக்குக் கால் டாலர். அப்படியானால் ஒரு நாளைக்கு 120 ஆட்டம்! "இன்னும் பெட்டி கொண்டுவாருங்கள்" என்று கடைக்காரர்களே கேட்டார்கள்.

அப்புறம் கிடங்கில் இராப்பகலாக வேலை. அராகவாவும் அவர் மனைவி யோகோவும், விரல் விட்டு எண்ணக்கூடிய சில ஊழியர்களும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார்கள். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தார்கள். உள்ளே இருந்த "ராடார் ஸ்கோப்" பாகங்களை எடுத்துவிட்டு, புதியதைப் பொருத்தினார்கள். வெளியே ஒட்டியிருந்த படங்களை மாற்றினார்கள். முதலாளியின் மகள், கையில் திருப்புளியோடு!

2 ஆயிரம் பெட்டிகளும் தீர்ந்தன. ஆர்டர் நிற்கவில்லை. புதிதாகப் பெட்டிகள் செய்தார்கள். அமெரிக்காவில் மட்டும் 60 ஆயிரம் பெட்டிகளுக்கு மேல் விற்றன. "ராடார் ஸ்கோப்" பெட்டிகள் சிவப்பு நிறம். ஆகவே முதலில் வந்த "டாங்கி காங்" பெட்டிகளும் சிவப்பு. பின்னால் செய்தவை நீலம். பழைய பொருள்களைச் சேர்ப்பவர்கள், இன்றும் சிவப்புப் பெட்டிக்குத்தான் அலைகிறார்கள்.

குரங்குக்கு வழக்கு

பணம் வந்தால் வம்பும் வரும். 1982-ம் ஆண்டு, "யுனிவர்சல்" சினிமாக் கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. "கிங் காங் என்ற குரங்குக் கதை எங்களுடையது. டாங்கி காங் அதன் காப்பி" என்பது வழக்கு.

யுனிவர்சல் மலை. நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளை மடு. வேறொரு கம்பெனி பயந்துபோய்ப் பணம் கட்டச் சம்மதித்துவிட்டது. நின்டெண்டோ மறுத்தது. ஜான் கிர்பி என்ற வக்கீலை அமர்த்தியது.

கிர்பி பழைய கட்டுகளைப் புரட்டினார். ஒரு புதையல் கிடைத்தது! 1975-ம் ஆண்டு நடந்த வேறொரு வழக்கில், இதே யுனிவர்சல் கம்பெனி, "கிங் காங் கதை பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்று வாதாடி இருந்தது. அன்று பொதுச் சொத்து, இன்று சொந்தச் சொத்தா?

நீதிபதி ராபர்ட் ஸ்வீட், 1983-ம் ஆண்டு நின்டெண்டோ பக்கம் தீர்ப்புச் சொன்னார். மேல்கோர்ட்டும் 1984-ம் ஆண்டு அதை உறுதி செய்தது. வழக்குப் போட்டவர்களே நின்டெண்டோவுக்கு 18 லட்சம் டாலர் கொடுக்கும்படி ஆயிற்று.

கிர்பிக்கு நின்டெண்டோ ஒரு பாய்மரப் படகைப் பரிசாகக் கொடுத்தது. அதற்கு "டாங்கி காங்" என்று பெயர். 1992-ம் ஆண்டு வந்த ஒரு விளையாட்டில், உருண்டையான ஒரு குட்டி வீரனுக்குக் "கிர்பி" என்று பெயர் வைத்தார்கள். வக்கீல் நினைவும் அதற்கு ஒரு காரணம்.

மண்ணில் புதைத்த விளையாட்டு

1983-ம் ஆண்டு அமெரிக்காவில் வீடியோ விளையாட்டு வியாபாரம் படுத்துவிட்டது. கண்ட கண்ட கம்பெனிகளும் அவசர அவசரமாக மட்டமான சரக்கைச் செய்து தள்ளியதே காரணம். ஜனங்கள் வெறுத்துப்போனார்கள். பெரிய கம்பெனியான அட்டாரி, விற்காத கேசட்டுகளை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போய், நியூ மெக்சிகோ பாலைவனத்தில் குழி தோண்டிப் புதைத்தது! இது கட்டுக்கதை என்றே பலர் நினைத்தார்கள். 2014-ம் ஆண்டு தோண்டிப் பார்த்தார்கள். கேசட்டுகள் வெளியே வந்தன.

அதே 1983-ம் ஆண்டு, ஜப்பானில் நின்டெண்டோ வீட்டு டெலிவிஷனில் மாட்டி ஆடும் "பேமிகாம்" பெட்டியை வெளியிட்டது. விலை 14,800 யென். அங்கே அது பறந்தது. அமெரிக்காவில் கொண்டுபோனால், "வீடியோ விளையாட்டா? வேண்டவே வேண்டாம்!" என்று கடைக்காரர்கள் கும்பிடு போட்டார்கள்.

அராகவா ஒரு தந்திரம் செய்தார். வீடியோ விளையாட்டு என்ற சொல்லையே எடுத்துவிட்டார். "பொழுதுபோக்குச் சாதனம்" என்று பெயர் வைத்தார். கூடவே ஒரு பொம்மை எந்திர மனிதனையும் சேர்த்தார். 1985-ம் ஆண்டு நியூயார்க்கில் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். "விற்றதற்குப் பணம் கொடுங்கள். விற்காததைத் திருப்பிக் கொடுங்கள்" என்றார்கள். எப்படியோ கதவு திறந்தது.

திறந்த கதவு மூடாமல் பார்த்துக்கொண்டவர், பழைய தச்சர் மரியோ!

40 கிலோபைட் உலகம்

மரியோ 1983-ம் ஆண்டே தொழிலை மாற்றிவிட்டார். தச்சு வேலையை விட்டுவிட்டுக் குழாய் ரிப்பேர் வேலைக்கு வந்தார். கூடவே லூயிஜி என்ற தம்பியும் வந்தான். 1985-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந்தேதி, "சூப்பர் மரியோ பிரதர்ஸ்" ஜப்பானில் வெளிவந்தது.

மியாமோட்டோவும் டகாஷி டெசுகாவும் முன்னின்று அதைச் செய்தார்கள். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்து வரைந்து உருவாக்கினார்கள். மொத்தம் 32 கட்டங்கள். மலை, கடல், மேகம், கோட்டை, நெருப்பு கக்கும் அரக்கன் எல்லாம் உண்டு. அத்தனையும் அடங்கிய இடம் எவ்வளவு? 40 கிலோபைட்! இன்று கைப்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோவுக்குக்கூட அது போதாது.

எப்படி அடக்கினார்கள்? சிக்கனம்தான். வானத்தில் மிதக்கும் மேகத்தையும், தரையில் இருக்கும் புதரையும் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே படம்! வெள்ளை அடித்தால் மேகம். பச்சை அடித்தால் புதர். கெட்டிக்காரக் குடும்பத்தலைவி மிச்சச் சாதத்தில் இன்னொரு பலகாரம் செய்வது போல!

முதல் கட்டம் ஒரு பள்ளிக்கூடம். ஆனால் வாத்தியார் கண்ணுக்குத் தெரிய மாட்டார். ஆட்டம் தொடங்கும்போது மரியோ இடது பக்கம் நிற்பார். வலது பக்கம் காலியாக இருக்கும். ஆகவே, யாரும் சொல்லாமலே வலது பக்கம் ஓடுவீர்கள். எதிரே கோபமான முகத்தோடு ஒரு காளான் பயல் வருவான். முட்டினால் உயிர் போகும். போனால் என்ன? இப்போதுதானே தொடங்கினோம் என்று மறுபடியும் ஆடுவீர்கள். இந்தத் தடவை குதிப்பீர்கள். அவன் தலையில் விழுந்தால் அவன் நசுங்குவான். ஒரு பாடம் முடிந்தது.

மேலே கேள்விக்குறி போட்ட பெட்டியை முட்டினால், ஒரு நல்ல காளான் வெளியே வரும். முன்பு வந்தவனைப் போல இருக்கிறதே என்று பயந்து ஓடப் பார்ப்பீர்கள். அது அந்தப் பக்கம் போய்க் குழாயில் மோதித் திரும்பி, உங்கள் மேலேயே வந்து விழும்! மரியோ பெரியவர் ஆகிவிடுவார். "ஓகோ, இது நல்லது!" என்று தெரிந்துவிடும். இரண்டாவது பாடம்.

கடைசிப் பக்கம் போனால், இரண்டு படிக்கட்டுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி. கீழே தரை இருக்கும். விழுந்தாலும் ஏறிக்கொள்ளலாம். கொஞ்சம் தள்ளி அதே போல இன்னொன்று. அங்கே தரை இருக்காது. விழுந்தால் போச்சு! முதலில் பயிற்சி, அப்புறம் பரீட்சை. பாடப் புத்தகம் எழுதுகிறவர்கள் இதை ஒரு தடவை ஆடிப் பார்க்கலாம்.

பாட்டு அமைத்தவர் கோஜி கோண்டோ. அந்தத் துள்ளல் இசையைக் கேட்டால் கால் தானே ஆடும். 2023-ம் ஆண்டு, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், நாட்டில் காப்பாற்றி வைக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது. வீடியோ விளையாட்டின் இசைக்கு அந்தப் பெருமை கிடைத்தது அதுவே முதல் தடவை.

இந்த விளையாட்டு 4 கோடிக்கு மேல் விற்றது.

அடுத்த ஆண்டே மியாமோட்டோ "செல்டா" கதையைக் கொண்டுவந்தார். சிறு பையனாக இருந்தபோது, சோனொபே காட்டில் ஒரு குகையைக் கண்டு, விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் அவர். அந்தப் பயமும் ஆசையும்தான் "செல்டா". பொறுமை உள்ளவர்களுக்கு அதுவே உயர்ந்தது.

தமிழ்நாட்டில் மரியோ

1990-ம் ஆண்டுகளில் மரியோ தமிழ்நாட்டுக்கும் வந்தார். ஆனால், பெரும்பாலும் பின்வாசல் வழியாக! நின்டெண்டோ பெட்டியைப் பார்த்து யாரோ செய்த மலிவான பெட்டிகளில் வந்தார். ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் என்று அட்டையில் போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால், கொஞ்சம்தான் இருக்கும். அவையே பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும்! படம் வராவிட்டால், கேசட்டை எடுத்து வாயால் ஊதிவிட்டுப் போடுவார்கள். கோடை விடுமுறையில் டெலிவிஷனுக்காக அண்ணன், தம்பி சண்டை. "கண் கெட்டுப்போகும்" என்று அம்மா திட்டுவார். மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அம்மா திட்டத்தானே செய்வார்!

கையடக்கப் பெட்டி

பழைய யோகோய் என்ன ஆனார்?

ஒரு நாள் ரெயிலில் போகும்போது, எதிரே ஓர் ஆபீஸ்காரர் பொழுது போகாமல் கணக்குப் போடும் சின்ன எந்திரத்தின் பட்டன்களைத் தட்டிக்கொண்டு இருப்பதைப் பார்த்தார். "பெரியவர்களும் சட்டைப் பையில் வைத்து ஆட ஒரு விளையாட்டு இருந்தால்?" என்று தோன்றியது. 1980-ம் ஆண்டு "கேம் அண்ட் வாட்ச்" வந்தது. விளையாட்டும் உண்டு, மணியும் காட்டும். 4 கோடிக்கு மேல் விற்றது. பட்டன்களைக் கூட்டல் குறி போல ஒன்றாக்கி, ஒரே கட்டை விரலால் நான்கு திசையிலும் நகர்த்தும் வழியையும் 1982-ம் ஆண்டு அவர்தான் கொண்டுவந்தார்.

1989-ம் ஆண்டு, "கேம் பாய்" என்ற கையடக்கப் பெட்டி வந்தது. திரையில் வர்ணம் கிடையாது. மற்றக் கம்பெனிகள் வர்ணத் திரையோடு வந்தன. ஆனால் அவை பேட்டரியை மடமடவென்று குடித்தன. "கேம் பாய்" நான்கு சின்ன பேட்டரியில் பல மணி நேரம் ஓடியது. விலையும் குறைவு. புதுச் சரக்கைத் தேடி ஓடாதே. பழகிப்போன மலிவான சரக்கைப் புது விதமாகப் பயன்படுத்து என்பது யோகோயின் கொள்கை. வர்ணம் தோற்றது. சிக்கனம் ஜெயித்தது.

அதோடு கொடுத்த விளையாட்டு, "டெட்ரிஸ்". மேலே இருந்து கட்டிகள் விழும். திருப்பித் திருப்பி, இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். சாமான் அறையில் டப்பாக்களை அடுக்குவது போலத்தான்! மாஸ்கோ நகரத்தில் அலெக்சி பஜித்னோவ் என்ற விஞ்ஞானி, 1984-ம் ஆண்டு ஆபீஸ் கம்ப்யூட்டரில் செய்தது. உரிமையை வாங்க ஹென்க் ரோஜர்ஸ் என்ற வியாபாரி 1989-ம் ஆண்டு மாஸ்கோவுக்கே போனார். "மரியோவைக் கொடுத்தால் பையன்கள் ஆடுவார்கள். டெட்ரிஸைக் கொடுத்தால் எல்லோரும் ஆடுவார்கள்" என்று அராகவாவிடம் அவர் எடுத்துச் சொன்னார். அப்படியே ஆயிற்று. அம்மா, அப்பா, தாத்தா எல்லோரும் ஆடினார்கள். "கேம் பாய்" பெட்டிக்கான கேசட் மட்டும் 3½ கோடி விற்றது.

கண்டுபிடித்த பஜித்னோவுக்கு? உரிமை சோவியத் அரசாங்கத்தின் கையில் இருந்தது. 1996-ம் ஆண்டுதான் அவருக்கு உரிய பங்கு வரத் தொடங்கியது.

யோகோய் அதே 1996-ம் ஆண்டு கம்பெனியை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு ஒரு கார் விபத்தில் இறந்துபோனார். முதலாளி யாமவுச்சி 2002-ம் ஆண்டு தலைவர் பதவியில் இருந்து இறங்கி, 2013-ம் ஆண்டு 85-வது வயதில் காலமானார்.

மரியோவுக்கு மட்டும் வயது ஆகவில்லை. 2016-ம் ஆண்டு ரியோ நகரத்தில் ஒலிம்பிக் நிறைவு விழா. அடுத்த ஒலிம்பிக் டோக்கியோவில். அதை அறிவிக்க, ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே, மரியோவின் சிவப்புத் தொப்பியோடு மேடைக்கு வந்தார்!

பழைய தொழிற்சாலையில்

கியோட்டோவுக்கு அருகில் உள்ள ஊஜி நகரத்தில், நின்டெண்டோவின் பழைய தொழிற்சாலை ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் அங்கே சீட்டுக்கட்டு செய்தார்கள். பின்னால், பழுதான பெட்டிகளை ரிப்பேர் செய்தார்கள். 2024-ம் ஆண்டு அக்டோபரில், அது ஒரு காட்சிசாலையாகத் திறக்கப்பட்டது.

பூச்சீட்டு செய்யக் கற்றுக்கொள்ளலாம். யோகோயின் நீளும் கையால் பந்துகளைக் கவ்வலாம்.

எல்லோரையும் சிரிக்க வைப்பது, ராட்சதக் கைப்பிடி. பழைய பேமிகாம் பெட்டியின் கைப்பிடியை, ஓர் ஆளால் தனியாகச் சமாளிக்க முடியாத அளவுக்குப் பெரிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். எதிரே பெரிய திரையில் பழைய மரியோ நிற்பார். அப்பா கூட்டல் குறியை அழுத்தி ஓட வைக்க வேண்டும். பிள்ளை அந்தப் பக்கம் நின்று, சரியான சமயத்தில் பட்டனை அமுக்கிக் குதிக்க வைக்க வேண்டும்.